பட்டாளத்தை விட்டு வந்ததும் ஏன் உடம்பு போடுகிறது?

அப்பா 22 வருடம் படையில் இருந்தார், வெளியே வரும்போது 74 கிலோ, நாலே வருடத்தில் 95 கிலோ ஆகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வயது 47. பிரஷருக்கு மாத்திரை தொடங்கியாயிற்று, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, முழங்கால் வலி, ராத்திரியில் பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டை. "அங்கே அவ்வளவு கட்டுப்பாடாக இருந்தவர் வீட்டுக்கு வந்ததும் எப்படி இவ்வளவு சோம்பேறி ஆனார்? பழையபடி தினம் 10 கிலோமீட்டர் ஓட வைத்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது அவர் செய்த தப்பா என்பது ஒன்று. பழைய வைத்தியமே இப்போதும் பலிக்குமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொது மருத்துவர். பதினெட்டு வருடப் பழக்கத்தில் பதினோரு வருடம், முன்னாள் படைவீரர்கள் நிறைய வரும் ஒரு புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். மனநல மருத்துவர் இல்லை. உங்கள் அப்பாவைப் பார்த்ததும் இல்லை, அதனால் அவருக்கு இன்னதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகச் சொல்கிறேன், ஆராய்ச்சியில் இன்னும் முடிவாகாததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில், உங்கள் அப்பா தனி ஆள் இல்லை. இந்த விஷயத்தில் வருடக்கணக்காகக் கணக்கு எடுத்து வெளியிடுவது பெரும்பாலும் அமெரிக்காதான், அதனால் எண்கள் அங்கிருந்துதான் கிடைக்கின்றன. 2018இல் அந்த நாட்டில் பணியில் இருந்த படையினரிலேயே 17 சதவீதம் பேர் உடல் பருமன் என்ற வரம்புக்குள் இருந்தார்கள். கிட்டத்தட்ட ஆறு பேரில் ஒருவர். முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகளுக்கு 2014இல் வந்தவர்களில் 41 சதவீதம் பேர் அந்த வரம்பில் இருந்தார்கள். பெண்களிடம் ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கே சிகிச்சை பெறுபவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். இந்த எண்களை வாசிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மருத்துவமனைக்கு வருபவர் ஏற்கெனவே ஏதோ தொந்தரவோடு வருபவர், சராசரி வயதும் அதிகம். படையில் இருந்த எல்லோருக்கும் இந்த விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால் தப்பாகிவிடும். ஆனால் படையில் இருந்த உடம்புக்கு எடை ஏறாது என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை என்பது மட்டும் உறுதி.

எடை எப்போது ஏறுகிறது என்பது இன்னும் சுவாரசியமானது. 2001இல் தொடங்கி அமெரிக்கப் படையினரை வருடக்கணக்காகப் பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அந்தத் தரவை வைத்து 2013இல் வந்த கட்டுரை, எடை மிக வேகமாக ஏறுவது பணியை விட்டு வரும் நேரத்திலும், அதற்கு முந்தைய மூன்று வருடங்களிலும்தான் என்று காட்டியது. வருடத்துக்கு ஒரு கிலோ, கொஞ்சம் கூட. வெளியே வந்து சில வருடம் ஆனபின் வேகம் பாதியாகிவிடுகிறது. அதாவது வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்ததால் வந்த வினை மட்டும் இல்லை இது. கடைசி வருடங்களில் பதவி உயர்ந்து மேசை வேலை வந்திருக்கும், முட்டியோ முதுகோ தேய்ந்து பி.டி.யிலிருந்து விலக்கு கிடைத்திருக்கும், வெளியே போய் என்ன செய்வது என்ற கவலை தொடங்கியிருக்கும். உங்கள் அப்பாவின் பழைய மருத்துவப் பதிவுகள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 74 என்ற எண் எந்த வருடத்தியது, அதற்கு முன்பு எவ்வளவு, இடுப்புச் சுற்றளவு எப்போது மாறத் தொடங்கியது என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

உடம்புக்குள் நடப்பதற்கு வருகிறேன். கடுமையான பயிற்சி நாளில் ஒரு சிப்பாய் 4000 கலோரிக்குக் குறையாமல் செலவழிப்பது சாதாரணம். அதே ஆள் மேசையில் உட்கார்ந்தால் 2500இல் முடிந்துவிடும். செலவு ஒரே வாரத்தில் இறங்கிவிடுகிறது, பசி அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. தட்டின் அளவும் கையின் வேகமும் இருபது வருடமாகப் பழகியவை. ஒரு முறை எங்கள் மருத்துவமனை உணவகத்தில் ஒரு முன்னாள் சுபேதாருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் மூன்றாவது வாய் எடுப்பதற்குள் அவர் தட்டு காலி. இடது கை தட்டைச் சுற்றி அணை போட்டது மாதிரி இருந்தது, கண் தட்டில் இல்லை, வாசலில் இருந்தது. "அங்கே நாலு நிமிஷம்தான் சார், அப்புறம் விசில்" என்றார். விசில் நின்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வேகமாகச் சாப்பிடுபவர்களிடம் உடல் பருமன் அதிகம் என்று பல ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்கின்றன. வேகம்தான் காரணமா, வேறு எதனுடைய அடையாளமா என்பது முழுவதும் பிரித்தறியப்படவில்லை. ஆனாலும் வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும் என்பது தெரிந்த விஷயம், நாலு நிமிடத்தில் அது போய்ச் சேராது.

"நாற்பது தாண்டினால் உடம்பு மந்தமாகிவிடும், அதனால்தான்" என்று அப்பாவே சொல்லக்கூடும். அதை நம்ப வேண்டாம். 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இருபதிலிருந்து அறுபது வயது வரை உடம்பு எரிக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது என்று காட்டியது. குறைவது அசைவும் தசையும். பயிற்சியை நிறுத்தியதும் இழப்பு ஆச்சரியமான வேகத்தில் வருகிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களையும் சைக்கிள் வீரர்களையும் வைத்து 1984இல் செய்த சோதனையில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் மூன்று வாரத்துக்குள் 7 சதவீதமும், மூன்று மாதத்துக்குள் 16 சதவீதமும் விழுந்தது. நாலு வருடம் என்பது அதைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். அவர் மனதில் இருக்கும் உடம்பு அன்று பணியை விட்டு வந்த உடம்பு. காலில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவது வேறு உடம்பு.

சரி, கட்டுப்பாடு எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு நான் படித்ததைவிட என் அறையில் கேட்டதுதான் அதிகம் உதவியது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், பெல்ட்டில் ஆணியால் குத்தி மூன்று புது ஓட்டை போட்டிருந்தார். பழைய ஓட்டை இருந்த இடத்தில் தோல் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அதிலிருந்து விரற்கடை விரற்கடையாக வெளிப்பக்கம் நகர்ந்திருந்தது. "நாலரைக்கு இப்பவும் முழிப்பு வந்துடுது டாக்டர். எழுந்து உட்கார்ந்தா, எங்கே போறதுன்னு தெரியலை" என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேசவில்லை. படையில் எழும் நேரம், ஓடும் நேரம், சாப்பிடும் நேரம், பக்கத்தில் ஓடுபவன், ஓடாவிட்டால் கேட்பவன், ஓடுவதற்கான காரணம் எல்லாமே வெளியிலிருந்து வருகின்றன. மனிதர் நேர்மையாக அதற்குள் இருந்தார். கையெழுத்துப் போட்டு வெளியே வந்த அன்றே அந்த ஏற்பாடு மொத்தமும் கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது பசியும் பழைய வலியும்தான். அதோடு, பலருக்கு, நாம் இனி யார் என்ற குழப்பமும். சோம்பேறி என்ற சொல் இதில் எங்கேயும் பொருந்தவில்லை என்பது உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது எடையில் இல்லை, குறட்டையில். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவதை ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். படையில் இருந்தவர்களிடம் இது எதிர்பார்ப்பதைவிட அதிகமாக, இளம் வயதிலேயே வருகிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பி மன அதிர்ச்சிக்குச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் கேள்வித்தாள் வைத்துப் பார்த்த 2015ஆம் வருட ஆய்வில், 69 சதவீதம் பேர் அதிக ஆபத்துப் பிரிவில் வந்தார்கள். அது கேள்வித்தாள் முடிவு, தூக்கப் பரிசோதனை முடிவு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடுகிற உடம்பு காலையில் களைத்துத்தான் எழும். பிரஷர் ஏறும், மாத்திரைக்கு அடங்காது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவதை வீட்டில் சோம்பல் என்று படிக்கிறோம். அவர் தூங்கும்போது ஒரு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். குறட்டை திடீரென்று நின்று, பத்துப் பதினைந்து வினாடி நிசப்தம், அப்புறம் திணறலோடு ஒரு பெரிய மூச்சு என்று திரும்பத் திரும்ப வந்தால், கைபேசியில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள். நோயாளி சொல்லும் பத்து வாக்கியத்தைவிட அந்த ஒரு நிமிடப் பதிவு எனக்கு உபயோகமாக இருக்கும். மூக்கில் மாட்டிக் காற்று தரும் சிபாப் இயந்திரம் மூச்சைச் சரிசெய்யும், பகல் தூக்கத்தைப் போக்கும், பிரஷருக்கும் ஓரளவு உதவும். ஆனால் அது தானாக எடையைக் குறைக்காது, ஆய்வுகளில் சிலருக்கு எடை லேசாகக் கூடியும் இருக்கிறது. நடக்கத் தெம்பு தரும் என்பதற்காகத்தான் அதை முதலில் வைக்கிறேன்.

மன அதிர்ச்சி பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் அவருக்கு இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். போருக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருப்பவர்களிடம் உடல் பருமனும் சர்க்கரையும் இதயநோயும் அதிகம், இதில் சந்தேகம் இல்லை. எது எதைக் கொண்டுவருகிறது என்பதில்தான் தகராறு. கெட்ட கனவு தூக்கத்தைக் கெடுக்கிறது, கூட்டத்தைத் தவிர்ப்பதால் வெளியே நடப்பது நின்றுபோகிறது, சாப்பாடும் மதுவும் மனதைக் கொஞ்ச நேரம் அடக்குகின்றன. இவை எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதே என் அனுபவம். மது ஒரு கிராமுக்கு 7 கலோரி என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. புகையை விட்டிருந்தால் அதற்கும் ஒரு பங்கு உண்டு. விட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக நாலரை கிலோவுக்கு மேல் ஏறுகிறது, ஆனாலும் விட்டதுதான் நல்லது. இன்னொன்று மருந்து. மனநலப் பிரச்சினைகளுக்கும் வலிப்புக்கும் தரும் ஓலான்ஜபின், மிர்டாசபின், வால்ப்ரோயேட் போன்றவை எடையைக் கூட்டுவதில் பேர்போனவை. அப்பா இப்படி ஏதாவது சாப்பிட்டால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. எடை கூடாத மாற்று இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது வழி இருக்கும்.

முழங்காலுக்கு வருவோம். சுமை தூக்கி நடப்பதும் குதிப்பதும் ஓடுவதும் மூட்டுக்கு இருபது வருட வேலை. மூட்டுத் தேய்மானம் படையினரிடம் பொதுமக்களைவிடச் சீக்கிரம் வருகிறது. மூட்டுத் தேய்மானம் இருந்த பருமனான நடுத்தர, முதிய வயதினரை நடக்கவைத்து அளந்த 2005ஆம் வருட ஆய்வு ஒன்று, எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது என்று காட்டியது. இதைத் திருப்பிப் போட்டால், 21 கிலோ கூடிய உங்கள் அப்பா ஓடினால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். நான் ஓட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். பழைய ரோஷத்தில் முதல் வாரமே ஓடி, முட்டி வீங்கி, பிறகு மூன்று மாதம் படியே ஏறாமல் இருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் அந்த மூன்று மாதத்தில் நாலைந்து கிலோ சேர்த்துக்கொண்டுதான் திரும்பி வந்தார்கள்.

காலை இழந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை, உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாவிட்டாலும் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது பொருந்தும். இவர்களுக்கு உயரம், எடை வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு பொய் சொல்லும். முழுக் கால் ஒன்று உடல் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம். அது இல்லாதவரை எந்திரத்தில் நிறுத்தினால் எண் குறைவாகத்தான் வரும், கொழுப்பு இருந்தாலும் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் காலை இழந்தவர்களை முப்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்களிடமும் இரண்டு காலையும் இழந்தவர்களிடமும் இதயநோயால் இறப்பு அதிகமாக இருந்தது. எடை கொஞ்சம் ஏறினாலே செயற்கைக் காலின் குழி பொருந்தாமல் போய்விடும். பொருந்தாவிட்டால் தோல் புண்ணாகும், புண்ணானால் காலை மாட்ட மாட்டார், மாட்டாவிட்டால் நடக்க மாட்டார், எடை இன்னும் ஏறும். இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் மருத்துவர்கள் எடையைப் பற்றி எவ்வளவு தாமதமாகப் பேசுகிறோம் என்று வருத்தமாக இருக்கும். புண் வந்தபிறகு பேசுகிறோம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கும் அப்படித்தான். தசை கரைந்துவிடுவதால் 22 என்ற பிஎம்ஐயிலேயே உடம்பில் கொழுப்பு மிகுந்துவிடுகிறது, வழக்கமான 30 என்ற வரம்புக்காகக் காத்திருக்கக் கூடாது.

"எனக்கென்ன, ஓடி ஓடி வளர்ந்த உடம்பு, இதயம் இரும்பு" என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் கதை கொரியப் போருடையது. அங்கே இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953இல் எழுதினார்கள். சராசரி வயது 22. 77 சதவீதம் பேருக்கு இதயத் தமனியில் கொழுப்புப் படிவு கண்ணுக்குத் தெரிந்தது. மருத்துவ உலகம் அன்று அதிர்ந்துபோனது. அறுபது வருடம் கழித்து, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்காலத்தில் இறந்தவர்களிடம் இதே மாதிரி பார்த்தபோது அது 8.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. புகை குறைந்தது, பிரஷருக்கும் கொழுப்புக்கும் சிகிச்சை வந்தது போன்றவை காரணமாக இருக்கலாம், ஆனால் பார்த்த முறைகள் வேறு என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. அந்தப் பிந்தைய ஆய்விலும், உடல் பருமனும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் இருந்தவர்களிடம்தான் படிவு அதிகம். ஓடுகிற உடம்பு நல்ல உடம்புதான். அது தமனிக்குக் காப்பீடு ஆகாது.

வியட்நாம் போர்க் காலத்தில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லியைப் பற்றியும் இந்தப் பேச்சில் கேட்பார்கள். அதில் கலந்திருந்த டையாக்ஸினுக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2000இல் நிபுணர் குழு சொன்னது. சான்று வலுவானது என்று சொல்லவில்லை, குறிப்பு காட்டும் அளவுக்கு இருக்கிறது என்றது. அமெரிக்க அரசு அதை ஏற்று இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது, 2022இல் ரத்த அழுத்தமும் சேர்ந்தது. அந்த மருந்துக்கு ஆளானவர்களுக்கு நியாயம் கிடைத்தது சரி. ஆனால் சட்டம் ஏற்றுக்கொண்டதும் அறிவியல் நிரூபித்ததும் ஒன்றல்ல, அந்தச் சர்க்கரையிலும் எடைக்குப் பங்கு உண்டு.

இன்னும் பணியில் இருப்பவர்களுக்கு எடை என்பது வேலையோடு சம்பந்தப்பட்டது. வெயிலில் பயிற்சி செய்யும்போது வெப்பத்தாக்கு வரும் ஆபத்து கூடுகிறது, காயமும் கூடுகிறது. பல படைகளில் அளவுநாடா வைத்து வயிற்றையும் கழுத்தையும் அளந்து கொழுப்பைக் கணக்கிடுவார்கள். தேறாவிட்டால் பதவி உயர்வு நிற்கும், வேலையே போகலாம். விளைவு என்னவென்றால், அளக்கும் நாளுக்கு முந்தைய வாரம் பட்டினி, நீர் பிரியும் மாத்திரை, வியர்வைச் சட்டை. அளவு முடிந்த அன்று ராத்திரி வயிறு முட்டச் சாப்பாடு. வருடத்துக்கு இரண்டு முறை என்று இருபது வருடம் இப்படி ஏறி இறங்கியவருக்குச் சாப்பாட்டோடு இருக்கும் உறவே கெட்டுப்போகிறது. அமெரிக்கத் தரைப்படை 2023இல் இந்த அளவை வயிற்றுச் சுற்றளவு ஒன்றாகச் சுருக்கி, உடற்தகுதித் தேர்வில் மிக நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்கு நாடாவிலிருந்தே விலக்கும் தந்தது. 2022 ஆகஸ்டில், எடை கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் சேர முடியாதவர்களைத் திருப்பி அனுப்பாமல் 90 நாள் வரை வைத்துத் தயார்செய்யும் ஒரு பயிற்சியை தென் கரோலினாவில் தொடங்கியது. தண்டனையை விட்டுத் தயாரிப்புக்கு வந்தது சரியான திசை என்று நான் நினைக்கிறேன். இதே நாடு 1946இல் பள்ளி மதிய உணவுச் சட்டம் கொண்டுவந்தபோது தேசப் பாதுகாப்பையும் ஒரு காரணமாக எழுதியது. அன்றைய கவலை, போருக்கு வந்த இளைஞர்கள் போதிய சாப்பாடு இல்லாமல் மெலிந்திருந்தது.

இனி உங்கள் வீட்டுக்கு. முதல் வாரம் உடற்பயிற்சி வேண்டாம், பரிசோதனை போதும். பிரஷர், எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, ஈசிஜி, தூக்கப் பரிசோதனை. எச்பிஏ1சி 5.7க்கும் 6.4க்கும் நடுவே இருந்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலை. இடுப்பை வீட்டிலேயே அளக்கலாம். சட்டையை மேலே தூக்கி, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் பாருங்கள். அவர் பழக்கத்தில் வயிற்றை உள்ளே இழுப்பார், விட்டுவிடச் சொல்லுங்கள். ஆசிய வம்சாவளி ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80ம் எச்சரிக்கைக் கோடு. பிஎம்ஐயிலும் ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனிக்கலாம் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னார்கள்.

இலக்கு 74 கிலோ இல்லை. இதை அவருக்குச் சொல்வதுதான் மிகக் கஷ்டம், ஏனென்றால் அவர் மனதில் அதற்குக் குறைவான எதுவும் தோல்வி. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும்தான் இலக்கு. அதை முயன்றவர்களிடம் சர்க்கரை நோயாக மாறுவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் அப்பாவுக்கு 7 சதவீதம் என்றால் ஆறரை கிலோ சொச்சம். ஒரு வருடத்துக்குள் முடியக்கூடிய காரியம். நடை, தண்ணீரில் பயிற்சி, சைக்கிள் ஆகியவற்றில் முட்டி ஒத்துக்கொள்வதைத் தொடங்கட்டும். வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது போன்ற எளியவை. சாப்பாட்டில் ஒரே நாளில் எதையும் தடைசெய்யாமல், இனிப்பு பானத்தையும் மதுவையும் முதலில் குறைத்து, புரதத்தையும் காய்கறியையும் கூட்டி, சாப்பிடும் நேரத்தை இருபது நிமிடமாக நீட்டப் பழகட்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்காக 2006 முதல் நாடு முழுக்க இப்படி ஒரு எடைக்குறைப்புத் திட்டம் நடக்கிறது. சராசரியாகக் குறைவது சில கிலோதான், விடாமல் கூட்டத்துக்கு வருபவர்களுக்கே அதிகம் குறைகிறது.

எடை குறைக்கும் ஊசி பற்றியும் கேட்பீர்கள். செமாகுளூடைடு என்ற மருந்தில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது என்று 2021இல் வந்த ஆய்வு காட்டியது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது என்பதும் அதே ஆய்வின் தொடர்ச்சிதான். நல்ல மருந்து, ஆனால் நீண்டகால மருந்து. தசையும் சேர்ந்து குறைவதால் பயிற்சியில்லாமல் போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. டிர்செபடைடு என்ற இன்னொன்றை, பருமனோடு ஸ்லீப் ஆப்னியாவும் இருப்பவர்களுக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்திருக்கிறது. அப்பாவுக்கு வேண்டுமா என்பதைப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து அவருடைய டாக்டர் சொல்லட்டும்.

அவரிடம் எப்படிப் பேசுவது? எடையைப் பற்றித் தொடங்காதீர்கள். "அப்பா, ராத்திரி உங்களுக்கு மூச்சு நிக்குதுப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்று தொடங்குங்கள். அது உண்மையும்கூட. அவருக்கு அறிவுரை தேவையில்லை, அறிவுரையில் அவர் பழுத்தவர். தேவைப்படுவது மறுபடியும் ஒரு ஏற்பாடு. பெல்ட்டில் ஓட்டை போட்டவருக்குக் கடைசியில் உதவியது, அவருடன் பணிபுரிந்த இரண்டு பேர் நாலே முக்காலுக்கு வாசலில் வந்து நிற்கத் தொடங்கியதுதான். நான் எழுதிக்கொடுத்த தாள் அவர் பையிலேயே கிடந்தது. அந்த இரண்டு பேரைக் காக்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை. முதல் மாதம் தெருமுனை வரைதான். ஒரு வருடத்தில் ஒன்பது கிலோ குறைந்தார், பெல்ட் மூன்று புது ஓட்டைகளில் இரண்டைத் தாண்டி உள்ளே வந்தது. உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒருவர் இருப்பார், அவருடைய போன் எண்ணைக் கண்டுபிடியுங்கள். நீங்களே கூட நடக்கலாம், அவர் வேகத்தில்.

இரண்டு விஷயங்களில் மட்டும் காத்திருக்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்குவதோ வந்தால் அன்றே மருத்துவமனை. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற மாதிரி அவர் எப்போதாவது சொன்னால், அதை வழக்கமான சலிப்பு என்று தள்ளாமல், அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள்.

அப்புறம், எடை நாலைந்து கிலோ இறங்கும்போது பிரஷர் மாத்திரை அதிகமாகிவிடக்கூடும். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னால், வீட்டிலேயே காலையும் மாலையும் ஒரு வாரம் அளந்து குறித்து, அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். அளவைக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார்.